பிஷெக்ரு: சதுரங்கப்பட்டினத்தைக் கைமாற்றிய வெற்றியும் அணிமாறிய தளபதியும்

1. ஆய்வின் எல்லை

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை இருக்கிறது. உள்ளே கல்லறைத் தோட்டம். கிடைமட்டமாகக் கிடக்கும் கற்பலகைகளில் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் ஆழமாகச் செதுக்கப்பட்டுள்ளன. 1795இல் இவ்வூர் ஆங்கிலேயர் கைக்குப் போனதன் காரணத்தைச் சோழமண்டலக் கடற்கரையில் மட்டும் தேடினால் கிடைக்காது. ஷார்ல் பிஷெக்ரு என்ற பிரெஞ்சுத் தளபதியின் வாழ்க்கைக்குள் போக வேண்டும்.

2. ஏற்றம்

பிஷெக்ரு 1761இல் பிரான்சின் ஆர்புவாவில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். நெப்போலியன் படித்த பிரியென் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். பிறப்பைப் பார்த்துப் பதவி கொடுத்த காலத்தைப் பிரெஞ்சுப் புரட்சி முடித்துவைக்க, பீரங்கிப் படையில் சார்ஜென்டாக இருந்தவர் 1793இல் படைத்தலைவரானார்.

1795 ஜனவரியில், பிரான்சு போர் தொடுத்திருந்த ஹாலந்தின் ஆறுகள் உறைந்து கிடந்தன. பனிக்கட்டியின் மேலேயே படையை நடத்தி ஆம்ஸ்டர்டாமுக்குள் நுழைந்தார். டச்சு ஆட்சித்தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். பிப்ரவரி 7 அன்று அங்குள்ள கியூவிலிருந்து தம் குடியேற்றங்களுக்குக் கடிதம் எழுதி, பிரெஞ்சுக்காரர் பிடிப்பதற்குள் ஆங்கிலேயரை உள்ளே விடுமாறு பணித்தார். அவ்வாண்டே சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் வசமானது. 1818இல் டச்சுக்காரர்களுக்குத் திரும்பி வந்து, 1824 உடன்படிக்கையால் நிரந்தரமாக ஆங்கிலேயருக்குப் போனது.

3. அணிமாற்றம்

அதே 1795, ஆகஸ்டு. ரைன் படையின் தலைவராக இருந்த பிஷெக்ருவிடம் ஃபோஷ்-பொரேல் என்ற புத்தக வியாபாரி தூது வந்தார். அனுப்பியவர் மன்னர் தரப்பின் கோந்தே இளவரசர். மார்ஷல் பட்டம், அல்சாஸ் ஆளுநர் பதவி, ஷாம்போர் மாளிகை, பெரும் பணம் எனப் பேரம் நீண்டது. மான்ஹைமைப் பிடித்த பிறகு ஹைடல்பெர்க்கில் அவர் போதிய படையைக் குவிக்கவில்லை, தோல்வி வந்தது. வேண்டுமென்றே செய்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. என் பார்வையில் அதற்கு விடை தேவையில்லை: குடியரசின் சம்பளத்தை வாங்கிக்கொண்டே அதன் எதிரிகளோடு பேரம் பேசியதே துரோகம்.

4. வீழ்ச்சியும் மதிப்பீடும்

1797இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவையான ஐந்நூற்றுவர் அவையின் தலைவரானார். மன்னர் தரப்பினரிடமிருந்து கைப்பற்றிய கடிதங்கள் அவரைக் காட்டிக்கொடுத்தன. செப்டம்பரில் கைதாகித் தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றமான கயேனுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கிருந்து தப்பி லண்டன் சேர்ந்தார். நெப்போலியனுக்கு எதிரான சதிக்காகப் பாரிசுக்குத் திரும்பிப் பிடிபட்டு, 1804 ஏப்ரலில் சிறை அறையில் கழுத்து இறுகிய நிலையில் இறந்து கிடந்தார்.

1793இல் மற்றொரு பிரெஞ்சுத் தளபதியான துமூரியேயும் அணிமாறினார். ஆனால் எல்லோரும் அறிய எல்லை தாண்டினார். பிஷெக்ரு பதவியில் இருந்தபடியே மறைவில் பேசினார். இருவரில் பிஷெக்ருவின் குற்றமே பெரிது.