பொத்தானும் ஐந்து வோல்ட்டும்: ஆர்கேட் பொறிக்கு யூ.எஸ்.பி கன்ட்ரோலர் வந்த வரலாறு

காசு போட்டு நின்றபடி ஆடும் வீடியோ கேம் பெட்டியை ஆர்கேட் பொறி என்கிறோம். 1990-களில் தமிழ்நாட்டு ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே இருந்த வீடியோ கேம் கடைகளில் இந்தப் பெட்டிகள் நின்றன. அங்கே ஆடியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் பெயர் ‘முஸ்தபா’. அது விளையாட்டின் பெயரே அன்று. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனசார்ஸ்’ விளையாட்டின் நான்கு நாயகர்களில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. வாயில் நுழையாத தலைப்பை விட்டுவிட்டு, நம் பையன்கள் அவன் பெயரையே விளையாட்டுக்குச் சூட்டிவிட்டார்கள்.

அந்தக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பெட்டிகளுக்குள் இருந்த மின்னணுப் பலகைகளில் பல பழைய சாமான்களோடு போயின. எஞ்சியவற்றுக்கு உயிர் கொடுக்கவோ, அதே வடிவில் புதிய பெட்டி ஒன்றைக் கட்டவோ இப்போது ஆர்வம் பெருகியிருக்கிறது. இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜி.எஸ்.டி சாலையை ஒட்டியுள்ள பொத்தேரியில், எஸ்.ஆர்.எம் வளாகத்தில் படிக்கும் ஒரு மாணவர் புறநகர் மின்ரயிலில் ஏறி பூங்கா நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு தொலைவில்லை. பொத்தான், ஜாய்ஸ்டிக், பவர் சப்ளை, ஒயர் எல்லாம் அங்கே கிடைக்கும். சிக்கல் பொருத்தும்போதுதான் தொடங்குகிறது. ‘கன்ட்ரோலரைச் செருகினேன், பலகைக்குத் தெரியவே இல்லை’ என்பது ஒரு புகார். ‘கன்ட்ரோலரைச் செருகியதும் விளையாட்டு தானாகவே முதலிலிருந்து தொடங்குகிறது’ என்பது இன்னொன்று. முன்னது இணைப்புக் கோளாறு, பின்னது மின்சாரக் கோளாறு என்று பிரித்துப் பேசுவது வழக்கம். வரலாற்றைப் பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றே.

ஐந்து வோல்ட் எங்கிருந்து வந்தது

1960-களின் நடுவில் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 7400 வரிசைச் சில்லுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டி.டி.எல் எனப்படும் இந்த வகைச் சில்லுகள் 5 வோல்ட்டில் இயங்கின. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 5 விழுக்காடு மட்டுமே, அதாவது 4.75 வோல்ட்டுக்குக் குறையவும் கூடாது, 5.25 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது. 1972-ல் அடாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் உருவாக்கிய ‘பாங்’ விளையாட்டில் நுண்செயலி கிடையாது. இத்தகைய சில்லுகளைக் கோத்தே செய்யப்பட்டது. சோதனைக்காக ஒரு மதுக்கடையில் வைத்த பொறி சில நாளில் நின்றுபோக, போய்ப் பார்த்தால் காசுப் பெட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது என்பது பலரும் அறிந்த கதை.

1978-ல் டைட்டோ வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இன்டெல் 8080 நுண்செயலியைக் கொண்டது. அந்தச் செயலிக்கு +5, −5, +12 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பலகைக்குத் தன் விருப்பப்படி ஒயர் அமைத்தது. கடைக்காரர் புது விளையாட்டு வாங்கினால் பெட்டிக்குள் ஒயர் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது.

இதைத் தீர்க்கவே ஜப்பானியக் கேளிக்கைப் பொறி உற்பத்தியாளர் சங்கம் 1980-களின் நடுவில் ‘ஜாமா’ என்ற பொது ஒயர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. பலகையின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 என 56 செப்புப் பட்டைகள். அதில் நீளமான ஒரே இணைப்பி வந்து கவ்விக்கொள்ளும். படம், ஒலி, காசு, பொத்தான், மின்சாரம் எல்லாம் அதன் வழியே. பலகையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் பெட்டிக்குள் புது விளையாட்டு. நம் ஊர்க் கடைக்காரர்கள் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு விளையாட்டை மட்டும் மாற்ற முடிந்தது இதனால்தான்.

இந்த 56 பட்டைகளில் 4 பட்டைகள் +5 வோல்ட்டுக்கும், 8 பட்டைகள் தரைக்கும் ஒதுக்கப்பட்டன. ஒரே வேலைக்கு ஏன் இத்தனை என்று தோன்றலாம். பலகை இழுக்கும் மின்னோட்டம் பல ஆம்பியர். ஒரு பட்டை தாங்காது என்பதால் பங்கிட்டார்கள். பழைய இணைப்பிகளில் கருகிப்போன முனைகளைக் கண்டால் அவை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கும்.

பொத்தானுக்குப் பசியில்லை

ஜாமா பலகை பொத்தானை எப்படி அறிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். உள்ளீட்டுக் கம்பி ஒவ்வொன்றையும் பலகை ஒரு மின்தடை வழியே 5 வோல்ட்டில் நிறுத்தி வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் அந்தக் கம்பி தரையோடு சேர்ந்து மின்னழுத்தம் சுழியாகும். பலகை அதைக் கண்டு ‘அழுத்தினான்’ என்று கொள்ளும். அவ்வளவுதான். மின்தடை 1 கிலோ ஓம் என்றால், அழுத்தும் நேரத்தில் ஓடும் மின்னோட்டம் 5 மில்லிஆம்பியர். பொத்தானுக்கென்று தனியாக மின்சாரம் எதுவும் வேண்டாம். பேச்சும் கிடையாது, இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்கின்றன.

இந்த எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரு பொத்தானுக்கு ஒரு கம்பி. அடிப்படை ஜாமாவில் இரண்டு ஆட்டக்காரர்கள், ஆளுக்கு மூன்று பொத்தான்கள். 1991-ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆளுக்கு ஆறு பொத்தான் கேட்டது. உதைக்கான மூன்றுக்கும் பலகையில் தனி இணைப்பியும் தனிக் கம்பிக்கட்டும் தேவைப்பட்டன. மூன்று பேர் சேர்ந்து ஆடக்கூடிய முஸ்தபாவிலும் மூன்றாமவருக்கு இதே கதைதான்.

வீட்டுக் கேம் பெட்டிகள் வேறு வழியில் போயின. 1983-ல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்ட்ரோலருக்குள் 4021 என்ற சிறு சில்லு இருந்தது. அது எட்டுப் பொத்தான்களின் நிலையை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்பியது. மின்சாரம், தரை உட்பட ஐந்தே கம்பிகள். நம் வீடுகளில் டிவியோடு இணைத்து ‘மரியோ’வும் ‘கான்ட்ரா’வும் ஆடிய நகல் பெட்டிகள் பின்பற்றியது இதே முறை. கன்ட்ரோலருக்குள் சில்லு புகுந்துவிட்டது. ஆனால் அதன் பசி மிகச் சிறியது. யாரும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கேட்டால்தான் பதில்

1996 ஜனவரியில் யூ.எஸ்.பி 1.0 வெளியானது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம், காம்பாக், டெக், என்.இ.சி, நார்டெல் என்ற ஏழு நிறுவனங்களின் கூட்டுப் படைப்பு. இன்டெல் சார்பில் இதில் முன்னின்றவர் பரோடா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த அஜய் பட். அச்சுப்பொறிக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒன்று, ஜாய்ஸ்டிக்குக்கு வேறொன்று என்றிருந்த நிலையை ஒரே துளையாக மாற்றுவதே நோக்கம்.

அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு படிநிலை இருக்கிறது. யூ.எஸ்.பி.யில் ஒரு முனை தலைவன், மறுமுனை கருவி. கருவி தானாக வாய் திறக்காது. தலைவன் முதலில் மின்சாரம் தர வேண்டும், ‘நீ யார்’ என்று விசாரிக்க வேண்டும், பிறகு குறித்த இடைவெளியில் ‘ஏதாவது அழுத்தினார்களா’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1985-ன் ஆர்கேட் பலகைக்கு இப்படிக் கேட்கத் தெரியாது. கம்பிகளை எப்படி மாற்றி இணைத்தாலும் யூ.எஸ்.பி கன்ட்ரோலர் அதனிடம் ஒரு சொல் பேசாது. ஆகவே நடுவில் ஒரு நுண்கட்டுப்படுத்தி வேண்டும்: ஒரு பக்கம் யூ.எஸ்.பி தலைவனாக நின்று கன்ட்ரோலரை விசாரிக்கும், மறுபக்கம் பொத்தானைப் போல நடித்துப் பலகையின் கம்பிகளைத் தரைக்கு இழுக்கும். சந்தையில் ‘யூ.எஸ்.பி என்கோடர்’ என்று மலிவாகக் கிடைப்பது இதற்கு நேர் எதிர்த்திசை; அது சாதாரணப் பொத்தான்களைக் கணினிக்கு யூ.எஸ்.பி.யாகக் காட்டும். பெயரை நம்பி மாற்றி வாங்குவது எளிதில் நடக்கும்.

தலைவனாக நிற்பவன் சோறும் போட வேண்டும். யூ.எஸ்.பி 2.0 வரையான விதிப்படி, கருவி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வரை 100 மில்லிஆம்பியர் எடுக்கலாம். அனுமதி பெற்றபின் 500 வரை. ஒயருள்ள எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் தனக்கு 500 வேண்டும் என்றே அறிவிக்கிறது. அதிர்வு மோட்டாரும் விளக்கும் உள்ள கன்ட்ரோலர்கள் இரண்டு சேர்ந்தால் பழைய பலகையின் 5 வோல்ட் தடத்தில் யாரும் எதிர்பாராத சுமை ஏறுகிறது. ஐந்து மில்லிஆம்பியரில் முடிந்த வேலைக்கு இப்போது ஆயிரம்.

ஒரே துளை, வேறு மொழி

இந்த வரலாற்றின் மிகக் குழப்பமான பகுதி 1990-களின் பிற்பாதியில் நிகழ்ந்தது. ஜாமாவுக்கு அடுத்த தலைமுறையாக ‘ஜே.வி.எஸ்’ வந்தது. 1998-ல் வந்த சேகாவின் ‘நவோமி’ இதைப் பயன்படுத்தியது. பொத்தான்கள் ஒரு தனி உள்ளீட்டுப் பலகையில் சேரும். அங்கிருந்து முதன்மைப் பலகைக்கு ஒரே கம்பி. அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் இருப்பது சாட்சாத் யூ.எஸ்.பி பிளக். ஆனால் உள்ளே ஓடுவது ஆர்.எஸ்-485 என்ற தொழிற்சாலைத் தரம்.

மலிவாகக் கிடைத்த இணைப்பியைப் பயன்படுத்தியதில் தவறென்று சொல்ல முடியாது; என்றாலும் பின்னால் வருபவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்றே படுகிறது. யூ.எஸ்.பி.யில் 5 வோல்ட் வரும் முதல் முனை, ஜே.வி.எஸ்ஸில் ‘சென்ஸ்’ எனப்படும் உணர்கம்பி. அதில் 5 வோல்ட் என்றால் எந்தப் பலகையும் இணைக்கப்படவில்லை, 2.5 என்றால் இணைந்திருக்கிறது ஆனால் இன்னும் முகவரி பெறவில்லை, சுழி என்றால் எல்லாம் தயார். ஆகவே நவோமியின் துளையில் கன்ட்ரோலரைச் செருகினால் அதற்கு மின்சாரமும் கிடைக்காது, மொழியும் புரியாது. ஜே.வி.எஸ் உள்ளீட்டுப் பலகையைக் கணினியின் யூ.எஸ்.பி துளையில் செருகினாலோ 5 வோல்ட் போகக்கூடாத கம்பியில் போகும். பலகை போனால் அதே பலகையை வாங்கப் புதிதாக யாரும் தயாரிப்பதில்லை.

இன்று இதற்கு ‘ஓப்பன்ஜேவிஎஸ்’ என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. ராஸ்பெர்ரி பை கணினியில் அதை ஏற்றி, ஆர்.எஸ்-485 மாற்றி ஒன்றை இணைத்தால், பை யூ.எஸ்.பி கன்ட்ரோலரைப் படித்து முதன்மைப் பலகையிடம் தன்னை ஜே.வி.எஸ் உள்ளீட்டுப் பலகையாகக் காட்டிக்கொள்ளும்.

கால் வோல்ட் எங்கே போகிறது

‘சப்ளையில் அளந்தேன், சரியாக 5 வோல்ட் இருக்கிறது, ஆனாலும் விளையாட்டு நின்று நின்று தொடங்குகிறது.’ பழுதுபார்க்கும் மேசையில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. அளந்த இடம் தவறு. 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.023 ஓம் மின்தடை. போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றால் 0.046 ஓம். நான்கு ஆம்பியர் ஓடினால் 0.18 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். பலகைக்குச் சேர்வது 4.82. இணைப்பி தேய்ந்தோ பச்சை பூத்தோ இருந்தால் அங்கே இன்னும் கொஞ்சம். மின்னழுத்தம் பலகைக்குரிய எல்லைக்குக் கீழே இறங்கினால் பலகையில் உள்ள காவல் சுற்று செயலியை மறுதொடக்கம் செய்யக்கூடும். கன்ட்ரோலரை அதே தடத்தில் தொங்கவிட்டால் இந்த எல்லையைத் தாண்ட ஒரு நொடி போதும். கோவளம், மாமல்லபுரம் போன்ற உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் முனைகள் அரிப்பது இன்னும் விரைவு.

பவர் சப்ளையின் ஓரத்தில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் திருப்பி மின்னழுத்தத்தைக் கூட்டிவிடுவது பலரும் செய்யும் குறுக்குவழி. பலகைக்குச் சரியாகும், ஆனால் சப்ளைக்கு அருகே இணைத்த வேறு எதற்கும் மிகையாகிவிடும். நாளை யாராவது இணைப்பியைத் துடைத்தால் பலகைக்கே மிகையாகிவிடும். முதலில் முனைகளைத் துடைத்து, தடித்த கம்பி போட்டு, பிறகு மல்டிமீட்டரின் கம்பிகளைப் பலகையில் உள்ள சில்லின் கால்களிலேயே வைத்து அளந்து, தேவையென்றால் இம்மி திருப்ப வேண்டும். கன்ட்ரோலருக்கான மாற்றிக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. அப்போது இரண்டு சப்ளைகளின் தரைக்கம்பிகளைச் சேர்க்க வேண்டும். 5 வோல்ட் கம்பிகளை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஒன்று அணைந்திருக்கும்போது மற்றது அதற்குள் பின்வழியாக மின்சாரத்தைத் தள்ளும்.

அந்தத் தனி சப்ளைக்கு வீட்டிலிருக்கும் போன் சார்ஜர் போதாதா என்றால், பல சமயம் போதாது. சார்ஜரின் வேலை மின்கலத்தை நிரப்புவது. வழியில் அரை வோல்ட் குறைந்தால் போன் மெதுவாக நிரம்பும், அவ்வளவே. ராஸ்பெர்ரி பைக்கு அந்தப் பொறுமை கிடையாது, 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதன் திரையில் மின்னல் குறி தோன்றும். அதன் அதிகாரபூர்வ சப்ளை 5-க்குப் பதிலாக 5.1 வோல்ட் தருவதும் கம்பியில் இழப்பதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான்.

வட்டமான முனைகளோடு எப்படிச் செருகினாலும் பொருந்தும் டைப்-சி 2014-ல் வந்தபோது இந்தத் தொல்லைகள் ஒழியும் என்று நினைத்தவர்கள் உண்டு. பழைய செவ்வகத் துளையில் 5 வோல்ட் எப்போதும் இருந்தது. இருபுறமும் டைப்-சி உள்ள கம்பியிலோ, எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உணர்ந்தால் மட்டுமே சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். செலவைக் குறைக்க அந்த மின்தடையை விட்டுவிட்ட மலிவான மாற்றிப் பலகைகள் ஏராளம். அவை பழைய சார்ஜரில் எரியும், புதிய சார்ஜரில் செத்தது போலக் கிடக்கும். 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4-ன் முதல் பதிப்பிலேயே, தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு மின்தடைகளுக்குப் பதில் ஒன்றைப் பொதுவாக வைத்ததால், சில வகைக் கம்பிகளில் அந்தக் கணினி இயங்க மறுத்தது. அடுத்த திருத்தப் பதிப்பில் இன்னொரு மின்தடையைச் சேர்த்தார்கள்.