இருபது ஷில்லிங் வழக்கு



வாகனத்திற்குச் சாலை வரி கட்டுகிறோம். வீட்டுக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். முணுமுணுத்துக்கொண்டாவது கட்டிவிடுகிறோம். ஆனால், அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமை அரசாங்கத்திற்கு எங்கிருந்து வந்தது? கையில் அதிகாரம் இருப்பதாலா, சட்டம் இடம் கொடுப்பதாலா? இந்தக் கேள்விக்காக இங்கிலாந்தில் ஒருவர் மன்னரையே எதிர்த்து வழக்காடினார். வழக்கிலிருந்த தொகை இருபது ஷில்லிங், அதாவது ஒரே ஒரு பவுன்!

1625-ஆம் ஆண்டில் முதலாம் சார்லஸ் அரியணை ஏறினார். போர்ச் செலவுக்குப் பாராளுமன்றம் போதிய பணம் தர மறுத்ததால், கடன் என்ற பெயரில் மக்களிடம் கட்டாய வசூல் செய்தார், மறுத்தவர்களைச் சிறையிலிட்டார். 1628-இல் பாராளுமன்றம் உரிமை மனு ஒன்றை முன்வைத்தது. தன் இசைவின்றி வரியோ கடனோ தண்டக் கூடாது என்பது அதன் முக்கிய கோரிக்கை. மன்னரும் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால், மறு ஆண்டே பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டுப் பதினோராண்டுகள் தனித்தே ஆண்டார்.

அப்படியானால் பணத்திற்கு என்ன வழி? பழைய வழக்கம் ஒன்று கைகொடுத்தது. நாட்டிற்கு ஆபத்து வரும்போது கடற்கரை நகரங்கள் மன்னருக்குக் கப்பலோ, அதற்கு ஈடான பணமோ தருவது வழக்கம். 1634-இல் அந்த நகரங்களிடம் கப்பல் வரி கேட்டார். 1635-இல் கடலையே காணாத உள்நாட்டு மாவட்டங்களும் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். பிறகு ஆண்டுதோறும் உத்தரவு வரலாயிற்று.

பக்கிங்ஹாம்ஷயரில் ஜான் ஹாம்டன் என்ற நிலக்கிழார் இருந்தார். அவருடைய செல்வத்திற்கு இருபது ஷில்லிங் ஒரு பொருட்டே அன்று. ஆயினும் அவர் கட்ட மறுத்தார். இன்று சட்டமின்றி இருபது ஷில்லிங் கேட்பவர், நாளை இருபதாயிரம் கேட்டால் தடுப்பது யார்?

1637-இல் வழக்கு பன்னிரண்டு நீதிபதிகள் முன் வந்தது. ஆபத்து உண்டா இல்லையா என்று முடிவு செய்பவர் மன்னரே என்றது அரசுத் தரப்பு. ஹாம்டனின் வழக்கறிஞர் ஆலிவர் செயின்ட் ஜான் அதை எளிதாக மடக்கினார். உத்தரவு பிறந்தது ஆகஸ்டில். கப்பல் தயாராக வேண்டியது அடுத்த மார்ச்சில். ஏழு மாதம் காத்திருக்கும் ஆபத்து என்றால், பாராளுமன்றத்தைக் கூட்ட நேரமில்லையா?

1638-இல் தீர்ப்பு வந்தது. எழுவர் மன்னர் பக்கம்; ஐவர் ஹாம்டன் பக்கம். மன்னர் வென்றார். ஆனால், அந்த நீதிபதிகள் மன்னர் நினைத்தால் பதவி இழக்கக்கூடியவர்கள். அவர்களிலேயே ஐவர் துணிந்து மாறுபட்டது நாடெங்கும் பேச்சாயிற்று. அடுத்த ஆண்டில் வசூல் படுத்துவிட்டது. 1641-இல், மீண்டும் கூடிய பாராளுமன்றம் கப்பல் வரியைச் சட்டவிரோதம் என அறிவித்தது, தீர்ப்பையும் செல்லாததாக்கியது. 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1643-இல் ஹாம்டன் போர்க்காயத்தால் மாண்டார். 1649-இல் மன்னரின் தலையே வீழ்ந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், கெட்ட மன்னர் ஒழிந்தார் என்று நாம் நிம்மதியடையலாம். ஆனால், வரலாறு இன்னொரு பாடத்தையும் வைத்திருந்தது. மன்னரை எதிர்த்துப் போரிட்ட ஆலிவர் கிராம்வெல், ஹாம்டனின் மாமன் மகன். அவரே பின்னர் ஆட்சித் தலைவரானார். ஜார்ஜ் கோனி என்ற வணிகர், பாராளுமன்றம் வழங்காத சுங்க வரியைக் கட்ட மாட்டேன் என்றார். கிராம்வெல் என்ன செய்தார் தெரியுமா? கோனிக்காக வாதாடிய வழக்கறிஞர்கள் மூவரையும் லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பினார்! தலைமை நீதிபதி ரோல் பதவி விலகினார்.

ஆள் மாறினால் போதாது, நேயர்களே. எவர் ஆண்டாலும் அவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும். 1689-இன் உரிமைச் சாசனம் பாராளுமன்றத்தின் இசைவின்றி வரி தண்டுவதைத் தடுத்தது. 1701-இன் சட்டம், மன்னர் தம் விருப்பம்போல் நீதிபதிகளை நீக்க முடியாதபடி செய்தது.

நம் மலேசிய அரசியலமைப்பின் 96-ஆம் பிரிவும், சட்டத்தின் அதிகாரமின்றிக் கூட்டரசு வரி விதிக்கலாகாது என்கிறது. அடுத்த முறை வரி கட்டி ரசீது வாங்கும்போது அதைச் சற்று உற்றுப் பாருங்கள். எந்தச் சட்டத்தின்கீழ் இது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமை, இருபது ஷில்லிங்கிற்காகத் தலைநிமிர்ந்து நின்றவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து.