மிளகும் மிளகாயும்: குழந்தை உணவில் ஒரு வரலாற்று வரிசை

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிவதற்குக் கல்வெட்டும் ஏடும் மட்டுமே சான்றாவன அல்ல. அடுக்களையும் சான்று கூறும். குறிப்பாக, தாய்ப்பால் மட்டும் பருகிய குழந்தை முதன்முதலாகச் சோற்றையும் கறியையும் சுவைக்கும் முறையில், பல நூற்றாண்டு மாற்றங்களின் தடயங்கள் படிந்துள்ளன. யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கத்தை நோக்குமிடத்து இவ்வுண்மை நன்கு புலனாகும்.

சங்க இலக்கியங்களில் ‘கறி’ என்னுஞ் சொல் மிளகையே குறித்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களுள் மிளகு மூடையையும் பட்டினப்பாலை சேர்த்துக் கூறுகின்றது. மிளகின் பெயரே பின்னர் அதனாற் பக்குவஞ் செய்யப்பட்ட உணவுக்கும் ஆகி, இன்று உலகெங்கும் வழங்குகின்றது. இஞ்சியும் மஞ்சளும் ஆசியாவுக்குரியவை. மல்லியும் சீரகமும் மேற்குத் திசையிலிருந்து பண்டைக்காலத்திலேயே வந்து சேர்ந்தவை. இவற்றோடு உள்ளியும் வெந்தயமும் கூடியதே பழைய தமிழ் அடுக்களையின் சரக்கு வரிசை எனலாம்.

அவ்வரிசையில் மிளகாய்க்கு இடமிருக்கவில்லை. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492 இல் கொலம்பசு மேற்கொண்ட பயணத்தின் பின்னரே ஏனைய கண்டங்கள் அதனை அறிந்தன. 16 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரின் வணிகத்தோடு அது இந்தியக் கரைகளை அடைந்தது. 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். புதிய பயிருக்குத் தமிழர் புதிய சொல்லைத் தேடவில்லை. மிளகைப் போன்று உறைக்கும் காய் ஆதலின் ‘மிளகாய்’ என்றனர். சிங்களத்தில் ‘மிரிஸ்’ என்பது மிளகாயின் பெயராக, மிளகு ‘கம்மிரிஸ்’, அதாவது ஊர் மிரிஸ், எனப்படலாயிற்று. வந்தேறியது எது, முன்னிருந்தது எது என்பதை இரு மொழிகளும் தத்தம் சொல்லமைப்பிற் பதித்து வைத்துள்ளன.

மொழி பதித்த இவ்வேறுபாட்டைத் தாய் சேய் உணவும் பேணி வந்துள்ளது. யாழ்ப்பாணத்திற் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியக் கறி கொடுப்பது வழக்கம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி ஆகியவற்றை அரைத்துக் கூட்டும் அச்சரக்குக் கறியில் மிளகாய் சேர்வதில்லை. குழந்தைக்குச் சோறு தீத்தத் தொடங்கும்போது, குழைந்த சோறும் பருப்பும் முதலில் வரும். பின்னர் மஞ்சளும் சீரகமும் இட்ட சொதி. அதன் பின்னர் தேங்காய்ப்பாலில் வெந்த வெள்ளைக்கறி. பல்லும் வயதும் கூடியபின் சிறிது மிளகு இரசம். தூள் போட்ட உறைப்புக் கறி எல்லாவற்றுக்கும் கடைசியிலேயே வரும். குழந்தை தமிழர் அடுக்களையின் வரலாற்றை அது நிகழ்ந்த ஒழுங்கிலேயே உண்டு வளர்கின்றது எனக் கூறின் மிகையாகாது.

மிளகாய் கடுங்காரம் உடையதாதலின் பிஞ்சு வயிற்றுக்கு ஆகாது என்பதே இதற்குப் போதிய காரணமன்றோ எனச் சிலர் வினவலாம். அக்காரணம் மறுக்கத்தக்கதன்று. எனினும் அது முழு விடையுமன்று. மிளகும் காரமுடையதே, அவ்வாறிருந்தும் பத்தியத்தில் ஒன்று கொள்ளப்பட, மற்றது தள்ளப்படுகின்றது. தமிழகத்துப் பிராமணர் இல்லங்களிலும் சிராத்தச் சமையலில் மிளகாய் விலக்கப்பட்டு மிளகே சேர்க்கப்படும். சடங்கும் மருத்துவமும் சார்ந்த உணவு எளிதில் மாறுவதில்லை. நாளாந்த உணவோ விரைவில் மாறும். வந்தேறிய மிளகாய் யாழ்ப்பாணத்து உழவரின் பணப்பயிராகவே ஆகிவிட்டது. 1970 ஐ அடுத்த ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் அது அவர்களுக்கு நல்ல வருவாய் தந்தது. 1977 இன் திறந்த பொருளாதாரம் அவர்களைப் பாதித்தது.

தாயின் உணவிலிருந்தே குழந்தையின் சுவைப்பயிற்சி தொடங்குகின்றது என்பதை அண்மைக்கால ஆய்வுகளும் உறுதி செய்கின்றன. தாய் உண்ட உள்ளியின் மணம் பாலிற் கலப்பதையும், அவ்வேளையிற் குழந்தை கூடிய நேரம் பால் பருகுவதையும் 1991 இல் அமெரிக்க ஆய்வாளர் மெனெல்லாவும் போசம்பும் எடுத்துக்காட்டினர். கருவுற்ற காலத்திலோ பாலூட்டுங் காலத்திலோ கரட் சாறு பருகிய தாயரின் குழந்தைகள் கரட் சுவையுள்ள உணவை வெறுப்பின்றி ஏற்றமையை 2001 ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. பத்தியக் கறி உண்ட தாயின் பிள்ளைக்குச் சொதியின் மணம் முற்றும் புதியதாக இருக்க இடமில்லை.

இவ்வீட்டு அறிவுக்குப் போட்டியாக வந்தது தகரப்பேணி. 1867 இல் என்றி நெஸ்லே சுவிற்சர்லாந்திற் குழந்தை மாவைத் தயாரித்தார். இவை போன்ற பண்டங்களும் பாற்பேணிகளும் குடியேற்ற நாடுகளின் சந்தைகளை நாடி வந்தன. பேணியில் அடைத்தது நாகரிகம், அம்மியில் அரைத்தது அறியாமை என்ற எண்ணமும் உடன் பரவியது. அதன் விளைவு சுவையோடு நிற்கவில்லை. 1939 இற் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்சு ‘பாலும் கொலையும்’ என்னுந் தலைப்பில் உரையாற்றி, குழந்தைகளுக்குப் பொருந்தாத பேணிப்பாலை விளம்பரப்படுத்துவோரைக் கடுமையாகச் சாடினார். 1981 இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாற் பதிலீடுகளின் விற்பனை பற்றிய ஒழுங்குக்கோவையை ஏற்றது. இலங்கையும் 1983 இல் தனக்கெனக் கோவையொன்றை வகுத்தது.

ஆயினும் பழையதெல்லாம் நல்லதென்று கொள்வதும் வரலாற்று நோக்காகாது. பிறந்த சில நாட்களிலேயே வசம்பும் சாதிக்காயும் உரைத்து நாவில் தடவும் உரைமருந்து வழக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது அதன் முடிவு. தேனால் நேரக்கூடிய நச்சுநோய் 1976 இல் அறியப்பட்டபின், ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பதும் விலக்கப்பட்டது. ஆறு மாதத்தின் பின் இரும்புச்சத்துத் தேவை மிகுதலால், நீர்த்த கஞ்சியோடு நின்றுவிடாது பருப்பு, மீன், முட்டை, கீரை என்பனவும் சேரவேண்டும். பத்தியத்தின் பேரால் தாய்க்குச் சத்துணவைக் குறைத்ததும் குறையே. மசாலைப் பொருள்களின் மணம் குழந்தைக்கு ஆகும். உப்பும் உறைப்புமே காத்திருக்க வேண்டியவை.

ஆகவே பேணிக்கும் பாட்டிக்குமிடையே ஒன்றைக் கண்மூடித் தெரிவதன்று செய்யத்தக்கது. மரபு என்பது வந்ததை ஏற்றும், ஏற்றதற்கு உரிய இடத்தை வகுத்தும் வளர்ந்த ஒன்று. மிளகாயை மறுக்காமல், அதே வேளையிற் பச்சிளங் குழந்தையின் வாயில் அதனை வையாமல் விட்ட அடுக்களையில் அந்தத் தெளிவு இருந்தது. ஏட்டில் எழுதப்படாத அத்தெளிவைத் தலைமுறைதோறும் காத்தவர்கள் பெண்கள். அவர்களின் அறிவையும் வரலாற்றுச் சான்றாகக் கொண்டு, பதிந்தும் சோதித்தும் வைப்பது இன்றைய கல்வியுலகின் கடனாகும்.