தமிழ்த் திரை விமர்சனமும் ஊர்ப்புறப் பார்வையாளரும்

தமிழ்த் திரைப்படங்களைப் பற்றிய விமர்சனம் இரண்டு வழிகளில் வளர்ந்தது. ஒன்று, இதழ்களில் எழுதப்பட்ட விமர்சனம். மற்றொன்று, படம் பார்த்துவிட்டு வந்தவர் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லும் கருத்து. முதலாவது ஏடுகளில் பதிவாகியுள்ளது. இரண்டாவதற்கு எழுத்துச் சான்றுகள் குறைவு. ஆயினும், ஒரு படம் ஊரில் எத்தனை நாள் ஓடும் என்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

சின்னாளப்பட்டி

திண்டுக்கல் மாவட்டத்தில், மதுரை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சின்னாளப்பட்டி, கைத்தறி நெசவுக்கும் சுங்குடிச் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர். தறியை நிறுத்திவிட்டுப் படத்துக்குப் போகும் நெசவாளருக்கு டிக்கெட் காசோடு அந்நேரத்துக் கூலியும் போகும். எனவே இத்தகைய ஊரில் 'படம் எப்படி?' என்று கேட்பது வெறும் பேச்சுக்காக அன்று. வீட்டுச் செலவுக் கணக்கும் அதில் அடங்கும்.

படச்சுருள் காலத்தில் ஒரு படத்துக்குச் சில பிரதிகளே எடுக்கப்பட்டன. அவை முதலில் சென்னை, மதுரை போன்ற நகரங்களில் ஓடின. பிறகே சிற்றூர்க் கொட்டகைகளுக்கும் டூரிங் டாக்கீஸ்களுக்கும் வந்தன. ஆகவே படம் வருமுன்பே அதைப் பற்றிய பேச்சு ஊருக்கு வந்துவிடும். இந்த இடைவெளியே விமர்சனத்துக்கு வலிமை தந்தது.

இதழ்களில் விமர்சனம்

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. 1930களில் ஆனந்த விகடனில் பணியாற்றிய கல்கி, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கலை விமர்சனங்களை எழுதினார். இசை, நாடகம் போன்றவற்றை எளிய நடையில், நகைச்சுவையோடு அவர் அலசினார். அவருடைய 'தியாக பூமி' 1939இல் கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் படமானது. விமர்சகர் ஒருவர் தம் படைப்பையும் மக்கள் தீர்ப்புக்கு வைத்தார் எனலாம்.

1952இல் மதுரை தங்கம் திரையரங்கில் முதல் படமாகத் திரையிடப்பட்டது 'பராசக்தி'. அப்படத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற குரலும் எழுந்தது. தினமணி கதிர் அதைக் கடுமையாகத் தாக்கி, 'பரப்பிரம்மம்' என்று கேலிப் பெயர் சூட்டியது. தி.மு.க.வினர் அந்தப் பெயரிலேயே நாடகம் ஒன்றை நடத்தி அதற்குப் பதில் கூறினர். விமர்சனத்துக்கு மற்றொரு கலைப்படைப்பால் விடை சொன்ன அரிய நிகழ்ச்சி இது.

பிற்காலத்தில் ஆனந்த விகடன் நூற்றுக்கு இத்தனை என்று படங்களுக்கு மதிப்பெண் வழங்கியது. அன்றைய மதுரை மாவட்டத்து அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) 62.5 மதிப்பெண் பெற்றது. சின்னாளப்பட்டியும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தது. கிராமத்து வாழ்வைச் சொல்லும் படம் மெய்யாக இருக்கிறதா என்று சொல்ல, இவ்வட்டாரத்துப் பார்வையாளருக்கு இதழின் மதிப்பெண் தேவைப்பட்டிராது.

முதல் மூன்று நாள்

டிஜிட்டல் திரையிடல் பரவிய பிறகு, நகரத்திலும் சிற்றூரிலும் படம் ஒரே நாளில் வெளியாகிறது. பழைய இடைவெளி மறைந்தது. முதல் காட்சி முடிந்ததும் திரையரங்க வாசலில் பார்வையாளர் சொல்லும் கருத்து யூடியூப் வழியே எங்கும் பரவுகிறது. முதலீட்டின் பெரும்பகுதி தொடக்க நாள்களிலேயே திரும்ப வேண்டியிருப்பதால் தயாரிப்பாளர்கள் அஞ்சுகின்றனர். உள்நோக்கத்துடன் பரப்பப்படும் கருத்துகள் பலருடைய உழைப்பைக் கெடுக்கின்றன என்பது அவர்கள் வாதம். அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

2024 நவம்பரில் 'கங்குவா' வெளியான பின், தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், யூடியூப் சேனல்களைத் திரையரங்க வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தையும் அணுகியது. கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

இதே உரிமை முன்பு ஒரு தமிழ்ப் படத்தையும் காத்துள்ளது. இட ஒதுக்கீடு பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு அளிக்கப்பட்ட தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்தின் அடிப்படையில் அத்தீர்ப்பை மாற்றியது. படம் எடுப்பவர் பேசும் உரிமையும், பார்த்தவர் பேசும் உரிமையும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவிலிருந்தே வருகின்றன. ஒன்றை முடக்கினால் மற்றொன்றும் வலுவிழக்கும்.

அவதூறு வேறு, விமர்சனம் வேறு. அவதூறுக்குச் சட்டத்தில் தனி வழி உண்டு. ஆனால் காசு கொடுத்துப் படம் பார்த்த நெசவாளர், பிடித்ததா இல்லையா என்று அன்றைக்கே சொல்வது அவதூறு ஆகாது. ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்ற காரணத்தையும் அவர் சேர்த்துச் சொல்லும்போது அந்தக் கருத்தே விமர்சனமாகிறது.