கச்சு முதல் குறோசே வரை: மட்டக்களப்பு வாவிக்கரையில் மேலாடையின் வரலாறு

ஆடையின் வரலாறு பெரும்பாலும் நெசவின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நெய்த துணி உடலுக்கு எவ்வாறு பொருத்தப்பட்டது என்னும் வினா அத்துணை கவனம் பெறவில்லை. துணி தட்டையானது, உடலோ வளைவுகள் உடையது. இவ்விரண்டையும் இசைவிக்க மனிதர் கண்ட வழிகள் மூன்று: கட்டுதல், வெட்டித் தைத்தல், வடிவாகவே பின்னுதல். பெண்களின் மார்புக்கு அமையும் மேலாடையில் இம்மூன்றும் தெளிவாகப் புலப்படுகின்றன.

கட்டுதலே தமிழரின் பழைய வழி. இலக்கியத்திற் பயிலும் கச்சு, வார் என்பன மார்பில் வரிந்து கட்டப்பட்டவை. தைத்த ஆடையும் அறியப்படாததன்று. முல்லைப்பாட்டு 'மெய்ப்பை' எனச் சட்டையைக் குறிக்கின்றது. எனினும் அங்கு அதனை அணிந்தோர் யவனரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பு வாவியிலுள்ள புளியந்தீவிற் கோட்டை அமைத்தனர். 1638இல் ஒல்லாந்தரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் அதனைக் கைப்பற்றினர். பத்தாண்டளவில் அக்கோட்டை கைமாறிய போதிலும், போர்த்துக்கேயரின் தையற்கலைச் சொற்கள் நிலைத்தன. றேந்தை, லேஞ்சி, துவாய், பொத்தான் ஆகியவை போர்த்துக்கேய மூலமுடையவை. இவை ஈழத்துத் தமிழ் முழுவதற்கும் பொதுவானவை. ஆயினும் பறங்கியர் சிலரிடையே போர்த்துக்கேயக் கிரியோல் இன்றும் உயிர்வாழும் மட்டக்களப்பில் அவற்றின் வேர் கண்கூடாகத் தெரிகின்றது. ஏடுகள் பதியாத பெண்களின் கைவேலையைச் சொற்கள் பதிந்து வைத்துள்ளன எனலாம்.

வெட்டித் தைத்தலைப் பாடமாக்கியது ஆங்கிலேயர் காலம். மெதடிஸ்த மிசனரியான வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பை அடைந்தார். நகரின் வின்சென்ட் பெண்கள் பாடசாலை தன் தொடக்கத்தை 1820இற் காண்கின்றது. இலங்கையின் மிசன் பெண்பாடசாலைகளில் எழுத்தோடு ஊசியும் கற்பிக்கப்பட்டது.

அப்பாடத்தின் சமூகப் பொருளை உணர, அதே காலத்துத் தென்திருவிதாங்கூரை ஒப்புநோக்குதல் தகும். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கு றேந்தைப் பின்னலைக் கற்பித்தார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அதன் வருவாயால் விடுதலை பெற்றனர். மேலாடை அணியும் உரிமைக்காக அந்நாட்டுச் சாணார் குலப் பெண்கள் நடத்திய நெடும் போராட்டத்தின் பின், 1859இல் அரசப் பிரகடனம் அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ள இசைவளித்தது. ஊசி கூலியையும், தைத்த சட்டை மானத்தையும் குறித்த காலம் அது.

மூன்றாவது வழியாகிய குறோசே, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் பரவியது. 1845இல் அயர்லாந்திற் பஞ்சம் தொடங்கிய பின், கன்னியர் மடங்கள் கற்பித்த இக்கைவேலை பல ஏழைக் குடும்பங்களின் பிழைப்பாயிற்று. ஒரு கொக்கியூசியும் நூலுமே இதற்குப் போதும். தறியும் கத்தரிக்கோலும் வேண்டா.

இதில் துணியும் வடிவும் ஒருங்கே பிறக்கின்றன. மார்புக் கிண்ணத்தைப் பின்னுவோர் சிறு சங்கிலியில் தொடங்கி, அதன் ஒரு பக்கமாக ஏறி, முனையில் ஒரே கண்ணியில் மூன்று பின்னலிட்டு, மறுபக்கமாக இறங்குவர். வரிதோறும் இது மீள, முக்கோணம் விரியும். அதன் அடிவிளிம்பைச் சிறிது சுருக்கிப் பட்டியோடு இணைக்கும்போது தட்டையானது குழிவு பெறும். இரண்டு கண்ணிகளை ஒன்றாக முடித்தால் பரப்பு ஒடுங்கும். ஆகவே, அளவு என்பது இங்கு கண்ணிகளின் எண்ணிக்கையே. 1914இல் அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் காப்புரிமை பெற்ற மார்புக்கச்சு, இரண்டு லேஞ்சிகளை நாடாவால் இணைத்த முயற்சியிலிருந்து பிறந்தது. அதுவும் தட்டைத் துணியை வளைவுக்கு இசைவித்த முயற்சியே.

1977இன் பொருளாதார மாற்றத்தின் பின் ஆடைத் தொழில் இலங்கையின் முதன்மை ஏற்றுமதிகளில் ஒன்றாக வளர்ந்தது. தையற் பொறி தைக்கும். பின்னற் பொறி பின்னும். ஆனால் உண்மையான குறோசேயை ஆலைப் பொறிகள் இன்றும் ஆக்குவதில்லை. ஆதலால், மலிவாக விற்கப்படும் ஒவ்வொரு குறோசே மேலாடைக்குப் பின்னும் ஒருவரது கையின் பல மணிநேரம் இருக்கின்றது. பெண்களின் கைவேலையைப் பொழுதுபோக்கு என ஒதுக்கும் வரலாறு, அம்மணிநேரங்களின் கூலியையும் கணக்கில் எடுக்கத் தவறிவிடுகின்றது. றேந்தை என்ற சொல்லின் வேரைத் தேடும் ஆய்வு, அதனைப் பின்னிய கைகளையும் தேடுதல் வேண்டும்.