அட்டுத் துறைமுகத்தின் எண்ணெய்க் கப்பல்

முகத்துவாரத்திலும் வத்தளைக் கரையிலும் நின்று மேற்கே நோக்குவோர், கொழும்புத் துறைமுகத்துள் நுழைய முறை பார்த்து நிற்கும் கப்பல்களைக் காண்பர். அவற்றுட் சில, சரக்கை இறக்குவதற்கு மட்டுமன்றித் தம் இயந்திரங்களுக்கு வேண்டிய எண்ணெயைப் பெறுவதற்காகவும் இங்கு வருவன. கப்பலுக்கு உணவூட்டும் இவ்வேலை கொழும்புக்குப் புதியதன்று. 1875ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் இங்கு அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் நாட்டினார். அதன்பின் காலியைப் பின்னிறுத்திக் கொழும்பு கீழ்த்திசைக் கடல்வழியின் பெருந்துறையாக உயர்ந்தது. அக்காலத்துக் கப்பல்கள் வேண்டியது நிலக்கரி. தொழிலாளர் அதனைத் தோணிகளிலிருந்து சுமந்து ஏற்றினர். கரித்தூசி கப்பலெங்கும் படிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிற்று. எண்ணெய் எரிக்கும் கப்பல் விரைந்து ஓடும். ஏற்றுவதற்கு ஆட்களும் குறைவாகவே வேண்டும். ஆனால் பிரித்தானியாவின் மண்ணில் கரி மிகுதியாகக் கிடைத்ததுபோல் எண்ணெய் கிடைக்கவில்லை. ஆகவே 1914இல் அந்நாட்டு அரசாங்கம் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிற்று. பாரசீகத்து எண்ணெயைக் கொண்டுசெல்வதற்கென 1915இல் பிரிட்டிஷ் டாங்கர் கம்பனி தோன்றியது. அக்கம்பனியின் கப்பல்களின் பெயர்கள் யாவும் 'பிரிட்டிஷ்' என்ற சொல்லுடன் தொடங்கின. அவற்றுள் ஒன்று, 1928இல் இங்கிலாந்தின் ஜாரோ நகரில் கட்டப்பெற்ற 'பிரிட்டிஷ் லோயல்டி'. ஏறக்குறைய 7,000 டன் கொண்ட இக்கப்பல் அழகுக்கோ வேகத்துக்கோ பெயர் பெற்றதன்று. வாணிக எண்ணெயைச் சுமக்கப் பிறந்த இக்கப்பலைக் கடற்படையின் துறைமுகப் பணியில் நிறுத்தியது இரண்டாம் மகாயுத்தம்.

அப்பணி இன்னதென்பதை முதலில் அறிதல் வேண்டும். கரையில் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் உள்ள இடத்தில் யுத்தக் கப்பல் துறைமேடையை அணுகிக் குழாய்வழியே எண்ணெய் பெறலாம். கரையில் அவ்வசதி இல்லாத இடத்தில், எண்ணெய்க் கப்பலே மிதக்கும் தாங்கியாக நங்கூரமிட்டு நிற்கும். யுத்தக் கப்பல் அதன் பக்கத்தே வந்து கட்டப்படும். குளிர்ந்தால் கூழ்போல் இறுகும் உலை எண்ணெயை நீராவிக் குழாய்களால் சூடாக்கி இளக்குவர். பின்னர் பம்புகளின் வலுவால் தடித்த குழாய்கள் வழியே அதனை மறுகப்பலுக்குச் செலுத்துவர். பெரிய கப்பல் ஒன்றுக்கு இது பல மணி நேர வேலை. அந்நேரத்தில் இரு கப்பல்களும் ஒன்றோடொன்று பிணைந்து, பகைவனுக்கு எளிய இலக்காய் நிற்கும்.

இந்த மணிக்கணக்கு எத்துணை முக்கியமானது என்பதை 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் காட்டிற்று. சிங்கப்பூர் வீழ்ந்தபின் இலங்கையைக் காக்கும் பொறுப்பு, அட்மிரல் சேர் ஜேம்ஸ் சொமர்வில் தலைமையேற்ற கீழைக் கடற்படையின்மேல் விழுந்தது. அப்படைக்கு இரகசியத் துறை ஒன்றும் இருந்தது. மாசிக் கருவாட்டின் வழியாகக் கொழும்பு மக்கள் நன்கறிந்த மாலைதீவின் தென்கோடியில், இலங்கையிலிருந்து ஏறக்குறைய 600 கடல் மைல் தொலைவில் உள்ள அட்டு பவளத்தீவுக் கூட்டமே அது. மாலைதீவு அக்காலத்தில் பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் இருந்தது. கடற்படையினர் அட்டுவைப் பெயர் சொல்லாது 'போட் டி' என்றே குறித்தனர். பவளப்பாறைகள் சூழ்ந்த ஆழமான நீர்ப்பரப்பு அங்கே இருந்தது. ஆனால் திருகோணமலையிற் போல் எண்ணெய்த் தாங்கிகள் கரையில் வரிசையாய் நிற்கவில்லை.

யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஏப்பிரல் முதல் நாளளவில் தாக்கும் என எதிர்பார்த்துச் சொமர்வில் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். பகைவர் வரவில்லை. முதல் மகாயுத்த காலத்துப் பழைய போர்க்கப்பல்களில் நன்னீர் குறைந்தது; பிற கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. ஆதலால் ஏப்பிரல் 2ஆம் நாள் இரவு அவர் அட்டுவை நோக்கித் திரும்பினார். 4ஆம் நாள் நண்பகலில் கடற்படை அங்கே சேர்ந்தது. அன்று பிற்பகலே, கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானத்தில் இருந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், அட்மிரல் நகுமோவின் படையைக் கண்டு செய்தி அனுப்பினார். சொமர்வில்லால் உடனே புறப்பட இயலவில்லை. அவருடைய கப்பல்கள் எண்ணெயும் நீரும் ஏற்றிக்கொண்டிருந்தன. விரைந்தோடும் பிரிவு நள்ளிரவுக்குப் பின்னரும், மெதுவான பிரிவு மறுநாட் காலையிலுமே வெளியேறின.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 'டெனடோஸ்', 'ஹெக்டர்' என்னும் கப்பல்கள் துறைமுகத்திலேயே அழிந்தன. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் எனத் தவறாக எண்ணியே அங்கொடை மனநோய் வைத்தியசாலையின்மேற் குண்டு வீசினர் என்று கூறப்படுகிறது. கடற்படையுடன் மீண்டும் சேர்வதற்காக முந்தின இரவு கொழும்பிலிருந்து புறப்பட்ட 'டோர்செற்ஷயர்', 'கோர்ன்வால்' என்ற குரூசர்கள் இரண்டும் அன்று பிற்பகல் சில நிமிடங்களில் மூழ்கின. 424 பேர் மாண்டனர். 1,122 பேர் மறுநாள் மீட்கப்பட்டனர். ஏப்பிரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மஸ்' விமானந்தாங்கி மூழ்கியபோது, 'அதெல்ஸ்டேன்', 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்னும் இரு எண்ணெய்க் கப்பல்களும் அதே கடலில் வீழ்ந்தன.

அட்டுவில் கடற்படை எண்ணெய் ஏற்றி நின்ற அந்த மணிகளை இழப்பென்று மட்டும் கூறிவிடலாமா? ஐந்து விமானந்தாங்கிகளைக் கொண்ட நகுமோவைச் சொமர்வில் நேருக்கு நேர் சந்தித்திருந்தால், அவருடைய கடற்படை முழுவதும் அழிந்திருக்கவுங் கூடும். தாமதம் காத்ததோ கெடுத்ததோ, ஒன்று மட்டும் உறுதி: கடற்படை எப்பொழுது எங்கே நிற்க முடியும் என்பதைத் தளபதியின் துணிவோடு எண்ணெய்க் குழாயும் சேர்ந்தே தீர்மானித்தது.

அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில், யப்பானியர் கைப்படுமுன் மடகஸ்காரின் தியகோ சுவாரஸ் துறையைப் பிரித்தானியர் கைப்பற்றினர். சொமர்வில்லின் மெதுவான பிரிவில் இருந்த 'ரமில்லீஸ்' என்னும் போர்க்கப்பல் அங்கே நின்றது. 'பிரிட்டிஷ் லோயல்டி'யும் அங்கே இருந்தது. மே 30ஆம் நாள் இரவு யப்பானியச் சிறு நீர்மூழ்கி ஒன்று துறைக்குள் புகுந்து இரு டோர்பிடோக்களை எய்தது. ஒன்று 'ரமில்லீஸ்' கப்பலைப் பிளந்தது. மற்றது 'பிரிட்டிஷ் லோயல்டி'யைத் தாக்கி மூழ்கடித்தது. மாலுமிகளிற் சிலர் உயிர்நீத்தனர்.

சாதாரண காலத்தில் அக்கப்பலின் கதை அவ்வளவில் முடிந்திருக்கும். ஆனால் யுத்தகாலத்தில் எண்ணெய் கொள்ளும் ஓடு எதுவும் வீணாக விடத்தக்கதன்று. மூழ்கிய கப்பலை மீட்டெடுத்து அட்டுவுக்குக் கொண்டுசென்றனர். இனி அது நெடும்பயணம் செய்ய வேண்டியதில்லை; பவளக்கடலில் நங்கூரமிட்டு, வந்து போகும் கப்பல்களுக்கான எண்ணெயை வயிற்றில் வைத்திருந்தாற் போதும். கடற்படையின் பெரும்பகுதி கிழக்கு ஆபிரிக்காவுக்கு விலகியிருந்த அக்காலத்தில், இந்து சமுத்திரத்தின் நடுவே இருந்த இந்நிலையம் பெரிதும் பயன்பட்டது.

ஆயினும் பகைவன் அதனை மறக்கவில்லை. 1944 மார்ச் 9ஆம் நாள், பினாங்கைத் தளமாகக் கொண்டு இயங்கிய 'யூ-183' என்னும் ஜேர்மனிய நீர்மூழ்கி, அட்டுவின் வாயிலுக்கு வெளியே வந்து நின்றது. உள்ளே நுழையாமலே, பாதுகாப்பு வலைகளின் இடைவெளி வழியாக அது ஒரு டோர்பிடோவைச் செலுத்திற்று. வாயிலைக் கடந்து நெடுந்தூரம் ஓடிய டோர்பிடோ 'பிரிட்டிஷ் லோயல்டி'யை இரண்டாம் முறையாகத் தாக்கியது. எண்ணெய் கசிந்து தெளிந்த நீர்ப்பரப்பைக் கறைப்படுத்திற்று. அக்கடலை நம்பி வாழ்ந்த தீவு மக்கள் யுத்தத்தில் ஒரு பக்கத்தையும் சார்ந்தவர் அல்லர். அதன் கறையோ அவர்தம் கரையிலும் படிந்தது.

அம்மாத இறுதியிலேயே கீழைக் கடற்படை புதியதொரு முறையில் பயிற்சி பெற்றது. இலங்கையிலிருந்து தெற்கே சென்று, நடுக்கடலில் எண்ணெய்க் கப்பல்களிடம் எரிபொருள் பெற்று, அமெரிக்க விமானந்தாங்கி 'சரட்டோகா'வைச் சந்தித்துத் திரும்பியது. ஓடும் கப்பலுக்கு ஓடும் கப்பலே ஊட்டும் அம்முறை பரவப் பரவ, ஒதுங்கிய துறையில் அசையாது நிற்கும் எண்ணெய்க் கப்பலின் முக்கியத்துவம் குறைந்தது. யுத்தம் முடிந்தபின், 1946 ஜனவரியில் 'பிரிட்டிஷ் லோயல்டி'யை அட்டுவின் நீரிலேயே வேண்டுமென்று மூழ்கடித்தனர்.

1957இல் திருகோணமலைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டே பிரித்தானிய விமானப்படை அட்டுவின் கான் தீவில் மீண்டும் தளம் அமைக்கத் தொடங்கி, 1976 வரை அங்கே தங்கியது. அத்தளமும் இன்று இல்லை. எண்ணெய்க் கப்பலோ ஏறக்குறைய 33 மீற்றர் ஆழத்தில் இன்றும் பக்கவாட்டிற் சாய்ந்து கிடக்கிறது. பவளமும் மீனும் அதன் உடலைத் தம் உறைவிடமாக்கிக் கொண்டன. நீர்மூழ்குவோர் சென்று கண்டு வருகின்றனர்.

யுத்தக் கப்பல்களின் பெயர்கள் நினைவுத் தூண்களில் இடம்பெறுகின்றன. இருமுறை அடிபட்டும் எண்ணெய் தாங்கி நின்ற இக்கப்பல் ஒரு பீரங்கிப் போரையும் வென்றதில்லை. ஆயினும் 1942இல் இலங்கையைச் சூழ்ந்த கடலில் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள விரும்புவோர், கப்பல்கள் எங்கே போரிட்டன என்பதோடு அவை எங்கே எண்ணெய் பெற்றன என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.