தீவிர நோய் காப்பீடு: பாலிசி சொல்லும் 'புற்றுநோய்' எது?

திருவனந்தபுரம்: ஒருவருக்குப் புற்றுநோய் இருப்பதை மருத்துவர் உறுதி செய்த பிறகும், தீவிர நோய் காப்பீட்டில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். இந்தவகை பாலிசியில் நோயின் பெயரைவிட, அந்தப் பெயருக்கு ஆவணம் தரும் வரையறையே பணத்தைத் தீர்மானிக்கிறது.

வழக்கமான மருத்துவக் காப்பீடு, மருத்துவமனைச் செலவை ரசீதின்படி ஈடுசெய்யும். தீவிர நோய் காப்பீடு அப்படியன்று. பட்டியலிட்ட நோய் ஒன்று கண்டறியப்பட்டு, பெரும்பாலும் 30 நாட்களாக உள்ள உயிர்வாழ் காலமும் கடந்துவிட்டால், முழுத் தொகையும் ஒரே தவணையில் வழங்கப்படும். அதைச் சிகிச்சைக்கும் செலவிடலாம், வீட்டுக் கடனுக்கும் செலுத்தலாம்.

இதை உருவாக்கியவர் தென்னாப்பிரிக்க இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் மாரியஸ் பர்னார்டு. 1967-ல் உலகின் முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சையைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் தம்பி இவர். சிகிச்சையால் உயிர் பிழைத்த நோயாளிகள் பொருளாதாரத்தில் நொறுங்கிப் போவதைக் கண்ட அவர், ஒரு காப்பீட்டு நிறுவனத்துடன் இணைந்து 1983-ல் இத்திட்டத்தைக் கொண்டுவந்தார். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், பைபாஸ் அறுவைச் சிகிச்சை என நான்கு மட்டுமே அதில் இடம்பெற்றன.

இந்தியாவில் 1986-ம் ஆண்டு இருவகையில் முக்கியமானது. பொதுத்துறை பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளைம் பாலிசியை அறிமுகம் செய்தது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டில், காப்பீட்டுத் துறைக்கு வெளியே, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஒரு புதுமையைச் செய்தது. 1981-ல் தொடங்கப்பட்ட அம்மையத்தின் நிறுவன இயக்குநர் எம்.கிருஷ்ணன் நாயரின் காலத்தில் வந்த 'கேன்சர் கேர் ஃபார் லைஃப்' திட்டம், நோயற்றவர் ஒருமுறை சிறு தொகை செலுத்திச் சேர்ந்தால், காத்திருப்புக் காலத்திற்குப் பின் புற்றுநோய் வரும் நிலையில் அம்மையத்திலேயே குறிப்பிட்ட வரம்பு வரை சிகிச்சை பெற வழிசெய்தது. ஒரே நோய்க்கு முன்கூட்டியே பணம் செலுத்தும் இந்த ஏற்பாட்டை ஒரு மருத்துவமனையே நடத்தியதுதான் வியப்பு. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் நாடிச் செல்லும் மையம் இது.

ஆயுள் காப்பீட்டில், 1990-களில் எல்ஐசி வெளியிட்ட ஆஷா தீப் திட்டம் புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, பைபாஸ் ஆகிய நான்கைச் சேர்த்துக்கொண்டது. பாதிப்பு நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையில் பாதி உடனே வழங்கப்பட்டு, எஞ்சிய பிரீமியம் தள்ளுபடி செய்யப்பட்டது.

1999-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனியார் நிறுவனங்கள் சந்தைக்கு வந்ததும் போட்டி நோய்களின் எண்ணிக்கையில் மூண்டது. ஒரே 'மாரடைப்பு' நிறுவனத்திற்கு நிறுவனம் வேறு பொருள் தந்தது. 2013-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 11 தீவிர நோய்களுக்குப் பொது வரையறை வகுத்தது. 2016-ல் அது 22 ஆனது. பக்கவாதம் என்றால் நிரந்தர நரம்பியல் பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடித்ததற்கான சான்று வேண்டும். சிறுநீரகச் செயலிழப்பு என்றால் தொடர் டயாலிசிஸ் அல்லது உறுப்பு மாற்று தேவைப்படும் நிலை.

புற்றுநோய்க்கான வரையறைதான் கேரளத்தை நேரடியாகத் தொடுகிறது. திருவனந்தபுரம் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் காணப்படுவது தைராய்டு புற்றுநோய். ஆனால் 2016 வரையறை, தைராய்டு சுரப்பிக்குள்ளேயே அடங்கிய, 2 செ.மீ.க்கு மிகாத, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத ஆரம்பக் கட்டி அனைத்தையும் விலக்கி வைக்கிறது. அவ்வாறான நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை உண்டு, வாழ்நாள் முழுதும் மாத்திரையும் தேவைப்படலாம். இந்தப் பாலிசியில் தொகை மட்டும் இல்லை.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. தென்கொரியாவில் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை பெருகியதும், 2011-ல் தைராய்டு புற்றுநோய்க் கண்டறிதல் 1993-ஐப்போல் 15 மடங்கானது. இறப்பு விகிதமோ ஏறக்குறைய மாறவில்லை. எளிதில் குணமாகும் சிறு கட்டிக்கும் முழுத் தொகை அளித்தால் பிரீமியம் எல்லோருக்கும் உயரும். எனினும், பாலிசியை விற்கும்போது 'புற்றுநோய்க்குப் பாதுகாப்பு' என்ற சொல்தான் முன்னிற்கிறதே தவிர, இந்த விலக்கு அல்ல.

இடைவெளியை நிரப்பப் படிநிலைத் திட்டங்கள் வந்தன. 2017-ல் எல்ஐசி வெளியிட்ட கேன்சர் கவர், ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு 25 விழுக்காடும், முற்றிய நிலைக்கு முழுத் தொகையும் வழங்கும் வகையில் அமைந்தது. காத்திருப்புக் காலம் 180 நாட்கள். பொதுவான தீவிர நோய் பாலிசிகளில் அது பெரும்பாலும் 90 நாட்கள்.

ஏழைக் குடும்பங்களுக்குக் கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவுகிறது. அது நோயாளியின் இழந்த கூலியை ஈடுசெய்யாது.

2024 விதிமுறைகளின்படி, முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டுகளாகக் குறைந்தது. 5 ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் செலுத்தியவரின் கோரிக்கையை, மோசடி நிரூபிக்கப்பட்டால் அன்றி, தகவலை மறைத்ததாகக் கூறி மறுக்க முடியாது. தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டு பிரீமியத்திற்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது. பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள், வரையறைகளைப் படித்துப் பார்த்து உடன்பாடில்லை எனில் அதைத் திருப்பி அளிக்கலாம்.